மதில்மேல் ஒருத்தி

குதிரைக்காரர்களில் ஒருவன் மட்டும் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

சாயங்காலம், கரண்ட் போய் வந்த நேரம். கோதண்டராமன் மேசைமேல் போர்த்தியிருந்த பழைய சுங்குடிப் புடவையை எடுத்து மடித்துவிட்டு, வழக்கம்போல முதலில் கோட்டையைப் பார்த்தார். பிறகு கோட்டையைச் சுற்றி வளைத்திருந்த தன் படையைப் பார்த்தார். காலாட்கள், பீரங்கி தள்ளுகிறவர்கள், யானைமேல் உட்கார்ந்திருந்த தளபதி, எல்லோரும் மதிலைப் பார்த்தபடி வைத்த இடத்திலேயே இருந்தார்கள். வலது ஓரத்துக் குதிரைப்படையில் முன்வரிசைக்காரன் ஒருவன் மட்டும் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் குதிரையின் மூக்கு மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வசந்தா பெருக்கும்போது கை பட்டிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மகளுக்குக் காரியம் முடிந்த நாளிலிருந்து வசந்தா இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. பெருக்குவது, ஜன்னலைத் திறந்து மூடுவது, எல்லாமே அவர்தான். பல்லியாக இருக்கும் என்று நினைத்தார். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பொம்மையைப் பல்லி தள்ளிவிடலாம். தள்ளினால் விழுந்திருக்குமே, எப்படித் திரும்பி நிற்கும்? அதற்குமேல் யோசிக்காமல் அவனை எடுத்து மதில் பக்கமாகத் திருப்பி வைத்தார். விரல் நுனியில் அந்தக் குதிரை லேசாக நடுங்கியதுபோல இருந்தது. வெளியே ரோட்டில் நெல் லாரி ஒன்று வீட்டையே அதிரவைத்துக்கொண்டு போனது. அதனால்தான் என்று வைத்துக்கொண்டார்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் கோதண்டராமனுக்கு ஒரு கடை உண்டு. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து எரிந்துபோன பம்பு செட் மோட்டார்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். பழைய காயிலைப் பிரித்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். தலைமுடி மாதிரிக் கம்பியைக்கூடச் சிக்கில்லாமல் சுற்றும் கை அது. ஒரே மகள் அன்புக்கரசி, சென்னையில் கட்டட வரைபடம் போடும் கம்பெனியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சேர்ந்து மேசைமேல் போர் விளையாடப் பழகியிருந்தாள். சின்னச் சின்னச் சிப்பாய்ப் பொம்மைகளை ஒட்டி, வண்ணம் அடித்து, இரண்டு படையாகப் பிரித்து, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, யார் விழுந்தார் யார் நின்றார் என்று தீர்மானிக்கிற விளையாட்டு. ஊரடங்கில் வீட்டுக்கு வந்தவள், வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிப்போனதால் இங்கேயே தங்கிவிட்டாள். வந்த கையோடு பிளைவுட் பலகையை இரண்டு டிரம்மேல் போட்டு, தெர்மகோலை அறுத்து, மணலும் பசையும் பூசி ராஜகிரியை எழுப்பினாள். அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் சந்திரகிரி, மூன்று குன்றையும் சேர்த்துக் கட்டிய மதில். ஜன்னலில் நின்றால் தெரிகிற அதே கோட்டை.

"நீ படை எடுத்துனு வா நைனா. நான் கோட்டையில இருக்கறேன். உன்னால உள்ள வர முடியுதான்னு பாக்கலாம்."

"பெத்த பொண்ணு மேலயே சண்டைக்கு வரச் சொல்றியா?"

"பயமா இருந்தா சொல்லிடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. கடையைச் சாத்திவிட்டு வந்தால் அப்பாவும் மகளும் அந்த மேசையில்தான். சட்டை, தலைப்பாகை, குதிரைச் சேணம் எல்லாம் அவர் தீட்டலாம். கண் மட்டும் அவள்தான் வைப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒற்றை மயிர் நுனிபோன்ற பிரஷ்ஷால் முதலில் வெள்ளை, பிறகு கடுகில் பாதி அளவு கறுப்பு. "கண்ணு வெக்கற வரிக்கும் அது பிளாஸ்டிக்கு நைனா. வெச்சிட்டா ஆளு," என்பாள். இரண்டு படையிலும் ஒவ்வொருவனுக்கும் அவள்தான் கண் வைத்தாள்.

ஆடி மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். அது தலைக்கு ஏறி, கை கால் இழுத்து, ஆம்புலன்சில் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். உடம்பு இட்லிப் பானையைத் தொட்டதுபோலக் கொதித்தது. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு கோதண்டராமன் மகளின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். "அன்பு, நைனா வந்திருக்கறேன்மா. ஒரே ஒரு வாட்டி கண்ணத் தொறந்து பாரும்மா." சிங்கவரம் பெருமாளையும் கூப்பிட்டார். எங்கிட்ட இருந்து எது வேணுமோ எடுத்துக்கோ, கையை எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ, அவளக் குடு என்று கேட்டார். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. திறக்காமலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் அவர்களுடைய ஆட்டம் பாதியில் நின்றது. அவர் கலைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் கடையில் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தவர், கையிலிருந்த செம்புக் கம்பியை அறியாமல் முறுக்கிக்கொண்டே இருந்தார். முறுக்கி முடித்துப் பார்த்தால் ஒரு பெண் நிற்கிற எலும்புக்கூடு. வீட்டுக்கு எடுத்துவந்து அதன்மேல் எம்-சீல் ஒட்டுமாவைப் பிசைந்து அப்பினார். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும் அவளுடைய நிலை, சுடிதார், குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்ட துப்பட்டா, துப்பட்டாவுக்குள் மறைந்த இரண்டு கை. முகத்தை ஊசி முனையால் செதுக்கினார். தலைக்குத்தான் என்ன செய்தும் சரியாக வரவில்லை. கடைசியில் அவளுடைய சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து, நூல்போல மெல்லிய சடை பின்னி ஒட்டினார். ராஜகிரி மதிலின்மேல், கோட்டைக்காரர்களின் நடுவில், அவளை நிறுத்தினார்.

குதிரைக்காரன் திரும்பி நின்றது அதற்குப் பிறகுதான். அவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு அவர் வண்ணம் தீட்ட ஆரம்பித்தார். காலிலிருந்து தொடங்கினார். மாநிறம் கலப்பது கஷ்டம், கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி சிவப்பு. சின்னப் பாதம் இரண்டுக்கும் நிறம் வந்தபோது சுவரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனபோது பூக்காரம்மா கூப்பிட்டாள். "அண்ணே, செருப்பு அங்கயே கழண்டு கெடக்குது பாரு. இந்த வெயில்ல தார் ரோட்ல எப்பிடி நடக்கற?" குனிந்து பார்த்தார். பாதம் சிவந்து கொப்புளம் கண்டிருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுகர் இருக்கும், டெஸ்ட் எடுங்கள் என்றார்.

அடுத்த வாரம் உதட்டுக்கு வண்ணம் வைத்தார். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது வசந்தா எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழம்பு நல்லா இருக்குதா?"

"ம்."

"உப்பே போடலீங்க. நேத்தும் போடல. நீங்க கேப்பீங்கன்னுதான் பாத்துனு இருக்கறேன்."

அவர் இன்னொரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். நனைந்த காகிதத்தை மென்றதுபோல இருந்தது. வசந்தா பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். அவருக்கு அழுகை வரவில்லை. உள்ளே எங்கோ ஒரு சந்தோஷம், யாருக்கும் சொல்லக்கூடாத சந்தோஷம், மெதுவாகக் கண் விழித்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது எடுத்துக்கொள்ளாததை இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக. சரி, எடுத்துக்கொள்ளட்டும்.

அன்றைக்குப் புடவையை விலக்கியபோது குதிரைப்படை முழுவதும் திரும்பியிருந்தது. காலாட்களும் பாதிப்பேர். இவர்களாவது எதிரிப் படை. கோட்டைக்குள் அவளுடைய சொந்த ஆட்கள், அவள் பெயர் வைத்துக் கூப்பிட்ட வில்லாளிகளும் வேல்காரர்களும், அவளைச் சுற்றி நின்றவர்கள், இப்போது அவளுக்குப் பக்கத்தில் இல்லை. மதிலின் இரண்டு கோடியிலும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். நடுவில் வெறும் மதில். அதன்மேல் அவள் ஒருத்தி மட்டும்.

"இன்னாடா பயம் உங்களுக்கு?" கோதண்டராமன் வாய்விட்டே கேட்டார். "உங்களுக்குக் கண்ணு வெச்சதே அவதானடா."

எல்லோரையும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முறத்தில் அரிசி புடைப்பதுபோல, புடவைக்கு அடியில், மிக மெல்லிய, அவசரமான சரசரப்பு. விளக்கு வைக்கும் நேரத்தில் கேட்கும். டிவி ஓடினால் கேட்காது, விளம்பரம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் கேட்கும். வசந்தாவின் கை பூ தொடுப்பதை நிறுத்திவிடும். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். கூடவே ஒரு வாசனை. பெயிண்டும் வார்னிஷும் கலந்த அந்த அறையின் பழைய வாசனைக்கு அடியிலிருந்து, ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்த காய்ச்சல்காரரின் படுக்கை வாசனை.

ஒரு காலையில் வசந்தா கூடத்தில் வீறிட்டாள். அவர் ஓடினார். அறையின் நிலைப்படியில் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். பாதத்தில் ஈட்டி ஒன்று குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. கீழே, சாத்திய கதவின் இடுக்கு வழியாக வெளியே வந்த சிப்பாய்கள் சிதறிக் கிடந்தார்கள். சிலருக்குக் கை உடைந்திருந்தது. யானை இடுக்கில் நுழைய முடியாமல் உள்ளேயே கவிழ்ந்து கிடந்தது.

"இதுங்க ஓடுதுங்க," என்றாள் வசந்தா. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "வெளிய ஓடப் பாக்குதுங்க. உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

அப்போதுதான் அவள் பல நாள் கழித்து அந்த அறைக்குள் போனாள். மதில்மேல் நின்றவளைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அந்த முடி..."

"அவ சீப்புல இருந்ததுதான்."

"ஐயோ, இன்னா காரியங்க பண்ணி வெச்சிருக்கீங்க."

அன்று மாலையே தௌசீஃப் வந்தான். பஜாரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், அன்புக்கரசியோடு பள்ளியில் படித்தவன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளிடம் ஆட்டத்தில் தோற்றுவிட்டுப் போவான். வசந்தாதான் வரச் சொல்லியிருந்தாள். பொம்மைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டிருந்தாள். அட்டைப்பெட்டியும் பழைய செய்தித்தாளும் கொண்டுவந்திருந்தான். வீரர்களை ஒவ்வொருவராகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினான். கோதண்டராமன் தடுக்கவில்லை. கடைசியாக மதிலுக்கு வந்தவன் அவளைப் பார்த்ததும் தயங்கினான். அவன் கண் கலங்கியது.

"அப்பிடியே அவளாட்டமே இருக்குது அங்கிள்," என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டித் தொட்டான். சட்டென்று இழுத்துக்கொண்டான். அடுப்பைத் தொட்டவன்போல விரலை உதறினான்.

"இன்னா தௌசீஃப்?"

"சூடா இருக்குது." அவன் பின்னால் நகர்ந்தான். "அங்கிள், கொதிக்குது."

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். வாசலில் வசந்தாவிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னது கேட்டது. கோதண்டராமன் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து தன் கன்னத்தை அவளருகில் கொண்டுபோனார். தொடாமலே அனல் தெரிந்தது. பாண்டிச்சேரிக் கட்டிலில் தெரிந்த அதே அனல். அவருடைய நெஞ்சு உடைந்தது. இன்னும் காய்ச்சலிலேயே கிடக்கிறாள். எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, கடை திறந்து, கோயிலுக்குப் போய் வந்த இத்தனை நாளும் இவள் கண்ணை மூடிக்கொண்டு கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். யாராவது எழுப்புவார்கள் என்று.

"கண்ணு மட்டும் வெக்காம இருக்கறேன் அன்பு," என்று மெல்லச் சொன்னார். "அதான். அது ஒண்ணுதான் பாக்கி."

பின்னால் வசந்தா நின்றிருந்தாள்.

"செத்தவளுக்குக் கண்ணு தொறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். கத்தவில்லை. பக்கத்தில் வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் அவ வேணாமா? பத்து மாசம் சுமந்தவ நானு. ஆனா இது அவ இல்லீங்க. அவளா இருந்தா அவ செஞ்ச பொம்மைங்களே எதுக்கு அவளப் பாத்து ஓடுது? சொல்லுங்க."

"அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

"அதுங்களுக்குத்தான் தெரியுது. அதுங்களுக்குக் கண்ணு இருக்குது."

வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலைல அவலூர்பேட்டைக்குப் போயி எந்தம்பி காமராஜ இட்டுனு வரேன். எல்லாத்தையும் ஆத்துல வுட்டுடலாம். சங்கராபரணியில இப்ப தண்ணி போவுது. கோட்டை, ஆளு, எல்லாத்தையும். அவளையும்தான். நல்லபடியா அனுப்பிடலாங்க."

காலையில் முதல் பஸ்ஸுக்கு வசந்தா போனாள். போகும்போது திரும்பிப் பார்த்து, "நான் வரவரைக்கும் எதுவும் பண்ணாதீங்க," என்றாள். அவர் தலையாட்டினார்.

வெயில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிப் பாறைகள் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. தெருவில் கேஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது, எதிர்வீட்டு மிக்சி ஓடி நின்றது, பிறகு மத்தியானத்தின் அந்தப் பெரிய அமைதி. கோதண்டராமன் அட்டைப்பெட்டியிலிருந்த வீரர்களைப் பிரித்து மறுபடியும் மேசையில் அடுக்கினார். ஆட்டம் எப்படி நின்றதோ அப்படியே. அவள் கண் திறக்கும்போது எல்லாம் இருந்த இடத்தில் இருக்கவேண்டும். பிறகு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய பூதக்கண்ணாடி விளக்கைக் கிட்டே இழுத்தார். அவளுடைய மெல்லிய பிரஷ்ஷை எடுத்து நாக்கில் வைத்து நுனியைக் கூராக்கினார். ருசி எதுவும் இல்லை.

அவளைப் பிடித்துக்கொள்ள முடியாத சூடு. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தார்.

முதலில் வெள்ளை. இரண்டு கண்ணிலும். அறையின் வெளிச்சம் திடீரென்று கூசியது. ஜன்னல், சுவர், தன் கை, எல்லாமே பால் ஊற்றியதுபோல வெளுத்து, மெல்ல மெல்லப் பழையபடி ஆனது. புரிந்தது. கால் போன விதம், ருசி போன விதம். இனி என்ன போகும் என்று புரிந்தது. மேசையில் எங்கோ சரசரப்பு ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கறுப்பு. வலது கண். மூச்சை அடக்கினார். தொட்டு எடுத்தார்.

அவருடைய வலது கண் அணைந்தது. வலியில்லை. ஜன்னல் கதவைச் சாத்தியதுபோல.

மிச்சமிருந்த ஒரு கண்ணை லென்சுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்தப் புள்ளி ஈரமாக இருந்தது. ஈரம் காயவில்லை. புள்ளி அசைந்தது. மேலே போனது, கூரையைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, அவரிடம் வந்தது, நின்றது.

எத்தனை நாள் இதற்காக ஏங்கினார். "அன்பு," என்றார். "நைனாடா."

அது அவரைப் பார்த்தது. கடைக்கு வந்தவர்கள் தராசைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவர் யார் என்பது அதற்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அவருடைய இடது கண்ணை மட்டும், அது இருந்த இடத்தை மட்டும், பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கேயே நிறுத்திவிடலாம். வெளியே போய்க் கதவைச் சாத்தலாம். வசந்தா வந்துவிடுவாள். ஒரு கண் இருந்தால் போதும், கடைக்குப் போகலாம், பஸ் நம்பர் படிக்கலாம், வசந்தாவின் முகத்தைப் பார்க்கலாம்.

ஒற்றைக் கண்ணில் சரியாகத் தெரியவில்லைபோல, பாவம், என்று நினைத்துக்கொண்டார். தூக்கத்திலிருந்து எழுந்தவளுக்கு உடனே யாரைத் தெரியும்? இரண்டு கண்ணும் இருந்தால் தெரிந்துவிடும். நைனா என்று சொல்லிவிடுவாள்.

பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்தார். தோய்க்கும்போது கடைசியாக ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தார். பாறை. வெயில். ஒரு காக்கை.

தொட்டார்.

இருட்டு.

மேசை முழுவதும் ஒரே சமயத்தில் அலறியதுபோல ஒரு சரசரப்பு. ஆலங்கட்டி மழைபோலத் தரையில் விழுந்தார்கள். விழுந்து, உருண்டு, கதவை நோக்கி. சிமெண்டுத் தரையில் நூறு சின்னக் கீறல்கள். தேய்ந்து தேய்ந்து கூடத்தைத் தாண்டி நின்றுபோயின.

அமைதி.

"அன்பு?"

கைக்குட்டை காலியாக இருந்தது.

அவர் தடவினார். மதில், மணல், டேப், பகடை. அவளைக் காணவில்லை. பதறிப்போய் மேசையைத் துழாவியவர், பயந்து ஓடிவிடப் போகிறாள் என்று கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவளுடைய கால் அவர் கையில் படும் என்று. கோழிக்குஞ்சுக்குக் கை நீட்டுவதுபோல.

வந்தது. விரல் நுனியில் அரிசி மணி அளவு சூடு. ஒரு பாதம். இன்னொன்று. விரலின் மேலாக நடந்து, உள்ளங்கையின் நடுவில் வந்து நின்றது.

அவர் அழுதார். கண்ணில்லாமல் அழுதார். "வந்துட்டியாம்மா," என்றார். "வந்துட்டியா."

பதில் இல்லை. மூச்சு மட்டும். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு நீளமான மூச்சு. உள்ளங்கை சுட்டது, தோல் கருகும் வாசனை வந்தது, அவர் கையை எடுக்கவில்லை. பாதம் அரிசி மணி அளவில் இல்லை இப்போது. புளியங்கொட்டை அளவு. பிறகு அதைவிடப் பெரிது. எடை ஏறியது. மணிக்கட்டு தாழ்ந்தது. இன்னொரு கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அவளைக் குழந்தையாகத் தூக்கியது இந்தக் கைதானே.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. வாசற்கதவு. வசந்தாவின் குரல். "காமராஜு, நீ வண்டியிலயே இருடா, நான் கூப்புடறேன்." கூடத்தில் கால் வைத்தவள் நின்றாள். "ஐயோ, எல்லாம் வெளிய கெடக்குதே. இன்னாங்க? எங்க இருக்கீங்க?"

"இங்க வா வசந்தா," என்றார் கோதண்டராமன். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "வந்து பாரு யாரு வந்திருக்கறான்னு."

காலடி வேகமாக வந்தது. நிலைப்படியில் நின்றது. அவளுடைய கூடை கீழே விழுந்து எதுவோ உருண்டது.

"எனக்குத் தெரியல வசந்தா. கண்ணு ரெண்டும் குடுத்துட்டேன். நீ சொல்லு. எப்பிடி இருக்கறா? நம்ம பொண்ணு எப்பிடி இருக்கறா?"

உருண்டது எங்கோ சுவரில் மோதி நின்றது.

"மொகம் சரியா வந்திருக்குதா? சிரிக்கறாளா?"

தொண்டைக்குள் எதுவோ அடைத்துக்கொண்ட சத்தம் ஒன்று அவளிடமிருந்து வந்தது. கால் பின்னால் தேய்ந்தது. சுவரில் முதுகு மோதியது. அதற்குமேல் போக இடம் இல்லை.

கையில் இருந்த பாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டது. அவருடைய விரல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக, முழுசாக, வசந்தா நின்ற பக்கம் திரும்பியது.

அம்மாவை அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று, கோதண்டராமன் இரண்டு கையாலும் அவளை உயர்த்திப் பிடித்தார்.